வீட்டுக்கு ஒரு தனி வழி

இணையம் காற்றில் மிதந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் லைன்காரர் வீட்டு முன்னறையை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். சாலைக்கு அடியில் புதைந்து வந்த கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று சன்னல் மூலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழையும். அதன் பக்கத்திலேயே, வேறொரு நிறுவனத்தின் பழைய தொலைபேசிக் கம்பி தெருக் கம்பத்திலிருந்து தொய்ந்து தொங்கி வந்து சேரும். மூன்றாவது, மொட்டைமாடியில் சாய்த்துவைத்த சட்டியைப் போல நிற்கும் டிஷ்ஷிலிருந்து சுவரோரமாக இறங்கும். மூன்றும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து நாற்பது சொச்சம் வீடுகளுக்குப் பிரிந்து போயின. பெட்டி சூடாகிவிடக் கூடாது என்பதற்காக அதன் எதிரே ஒரு மேசை விசிறி இரவும் பகலும் சுழன்றுகொண்டிருக்கும். அந்த அறையில் மனிதர்களுக்கென்று விசிறி கிடையாது.

“உங்களக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து எனக்கு வேர்க்குது. அதுக்கு ஒரு நாளாவது வேர்த்திருக்கா?” என்பாள் அவர் மனைவி.

பெட்டியின் வேலை பங்கு பிரிப்பது. எந்த வீட்டிலிருந்து எந்தத் தேவை வந்தாலும், மூன்று லைன்களில் எதில் இடமிருக்கிறது என்று பார்த்து, அதில் அனுப்பிவைக்கும். ஒன்று அறுந்துபோனால் மற்ற இரண்டும் சுமையை ஏற்றுக்கொள்ளும். புதிதாக இணைப்பு வாங்க வருகிறவர்கள், “எனக்கு எந்த லைன் குடுப்பீங்க?” என்று கேட்கும்போதெல்லாம் லைன்காரர் ஒரு கதை சொல்வார்.

“ஒரு ஆத்தங்கரையில ஒரு ஓடக்காரன் இருந்தானாம். அவன்கிட்ட மூணு ஓடம். ஒண்ணு பெருசு, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு ஒழுகுறது. கரைக்கு வர்றவங்ககிட்ட அவன் பேரு கேக்க மாட்டான், ஊரு கேக்க மாட்டான். எதுல எடம் இருக்கோ அதுல ஏறு. பெரிய ஓடம் பாறையில மோதிருச்சா, அடுத்த ஆள நடு ஓடத்துல ஏத்திவிடுவான். நமக்கு அக்கரைக்குப் போயிச் சேரணும், அவ்வளவுதான? என் பெட்டிதாங்க அந்த ஓடக்காரன்.”

அப்படி ஒருநாள் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாகற்காய் நறுக்கியபடி அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்: “ஓடக்காரன் பொண்டாட்டி எதுல ஏறுவா?”

“ஒழுகுறதுலதான். அவளுக்கு நீந்தத் தெரியுமே.”

வந்திருந்தவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. பெட்டிக்குள் லைன்காரர் எழுதிவைத்திருந்த விதிகளில் அதுவும் ஒன்று: தம் வீட்டின் தேவை எதுவாயினும் மூன்றாவது லைனில் போக வேண்டும். மழை தூறினாலே மயங்கிவிடும் லைன் அது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறிடம் போய்விடுவார். வீடு எங்கே போகப்போகிறது?

இந்த விதியால் உண்மையில் நஷ்டப்பட்டவள் மனைவி ஒருத்திதான். அவளுடைய அக்காள் கடல் கடந்த நாட்டில் இருந்தாள். நாள்தோறும் மத்தியானம், வேலைக்குப் புறப்படும் முன்பு, தங்கையை வீடியோவில் கூப்பிடுவாள். பேச்சு நடுவழியில் அறுபடும். படம் உறையும். பாதி மூடிய கண்ணோடும், கொட்டாவியில் பிளந்த வாயோடும் அக்காளின் முகம் அப்படியே நின்றுவிடும்; திரும்பி வரும்போது அவள் திட்டிக்கொண்டே வருவாள்.

“ஊருக்கெல்லாம் உன் வீட்டுக்காரர் நெட்டு குடுக்குறாராம். உன் மூஞ்சி மட்டும் எனக்குக் கட்டம் கட்டமாத் தெரியுதுடி, பட்டாணி.”

பட்டாணி என்று அவளை அழைப்பதற்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை. தாய் இறந்த வருடத்தில், சின்னவள் ஒரு பட்டாணியை மூக்கினுள் தள்ளிக்கொண்டு நீலம் பாரித்துப் போனாளாம். பள்ளிக்கூடச் சீருடையோடு இருந்த பெரியவள், அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினாளாம். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; பெரியவள் பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்ததும் ஏறக்குறைய அப்போதுதான்.

அந்த அக்காளின் குரல் சில மாதங்களாகக் கரகரத்து, பிறகு சருகு நொறுங்குவதுபோல் ஆகியிருந்தது. தொண்டையில் கட்டி என்றார்கள்.

மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மனைவி அவருக்கு ரொட்டியும் பருப்புக் கடைசலும் பரிமாறினாள். மொட்டைமாடி டிஷ்ஷின்மேல் மழை தகரத்தில் விழுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் கூப்பிடும் புகார் தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி, எவருக்கோ வழக்கமான வைத்தியம் சொன்னாள்: “அந்தச் சின்ன வைஃபை பெட்டிய அணைச்சிருங்க. மெதுவா நூறு எண்ணுங்க. அப்புறம் போடுங்க. வந்துரும்.” அதைக் கீழே வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“அக்காவுக்கு நாளைக்குத்தான்.”

“ஆபரேஷனா? அடுத்த வாரம்னாங்க?”

“முன்னாடியே வச்சுட்டாங்களாம். நம்ம மத்தியானத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. அதுக்கு முன்னாடி கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கா.” ரொட்டியின் ஓரத்தை அவள் கிள்ளிக்கொண்டே இருந்தாள். “கட்டிய மட்டும் எடுக்க முடியாதாம். குரல் வர்ற எடத்தையே எடுத்துருவாங்களாம். கழுத்துல ஓட்ட போட்டு அது வழியா மூச்சு விடணுமாம்.”

“அப்ப பேச்சு?”

“பேச்சு இல்ல. நாளைக்குப் பேசுறதுதான் பேச்சு.”

லைன்காரர் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

“முந்தியே பேசிப் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். அது செவுத்துகிட்டப் பேசுற மாதிரி இருக்குங்கிறா. எதுக்க ஒரு மூஞ்சி இருந்தாத்தான் பேச வருமாம் அவளுக்கு.” தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “நான் ஒண்ணும் பெருசாக் கேக்கலங்க. நாளைக்கு ஒரு நாள், அவ குரல் அறுபடாம கேக்கணும். முழுசா.”

“கேப்பே,” என்றார் லைன்காரர். “நாளைக்கு உனக்குப் பெரிய ஓடம்.”

மறுநாள் காலை மழை வெறித்திருந்தது. தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவர் பெட்டியின் எதிரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் பின்னால் நின்று பார்த்தாள்.

“உன் போனையும் நம்ம சின்னப் பெட்டியையும் முதல் லைனோட கட்டிப்போட்டுட்டேன். இன்னிக்கு வேற எதுலயும் போகாது.”

“அது என்ன, ஒரு கட்டத்துல இருந்த குறிய எடுத்துட்டீங்க?”

“அதுவா? லைன் லேசா ஒரு நொடி தடுமாறினாப் போதும், பெட்டி உன்னத் தூக்கி டிஷ் லைன்ல போட்டுரும். தாவுற அந்தத் தாவுலதான் பேச்சு அறுபடுது. அதான், தாவவே கூடாதுன்னு சொல்லிவச்சிருக்கேன். முதல் லைன்தான் உனக்கு. வாழ்வோ சாவோ.”

“நல்ல வார்த்த சொல்லுங்களேன்.”

“சரி, வாழ்வு.”

அவள் அவருடைய தலையில் லேசாகத் தட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். பல வருடங்களுக்குப் பிறகு அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. லைன்காரர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். தெருமுனையில், மழைக்காக நிறுத்திவைத்திருந்த சாக்கடை வேலையை மறுபடியும் தொடங்கியிருந்தார்கள். மண் தோண்டும் இயந்திரம் உறுமிக்கொண்டு கையை நீட்டி மடக்கியது. வெயில் வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அன்று அவருக்கு வேலை, மழைக்காற்றில் கேபிள் அறுந்துபோன ஒரு மாணவர் விடுதியின் மாடியில். தண்ணீர்த்தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, ஈரம் புகுந்த முனையை வெட்டி, உரித்து, துடைத்து, புது இணைப்பைப் பொருத்திக்கொண்டிருந்தார். மத்தியான வெயிலில் மாடியெங்கும் ஆவி எழும்பியது. அப்போது கைபேசி குறுகிய ஒலி ஒன்றை எழுப்பியது. பெட்டி அனுப்பும் எச்சரிக்கை அது. முதல் லைன் இறந்துவிட்டது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். நாற்பது வீட்டுக்காரர்களும் இப்போது ஒரே மூச்சில் கூப்பிடுவார்கள் என்று எண்ணிக் கைபேசியைப் பார்த்தபடியே நின்றார். எவரும் கூப்பிடவில்லை. திரையில் இரண்டாவது லைனின் கோடும் மூன்றாவதன் கோடும் மெல்ல எழும்பின. முதல் லைனின் சுமை அவற்றின் தோளில் ஏறிக்கொண்டிருந்தது. ஓர் அழைப்பு இல்லை, ஒரு புகார் இல்லை. எத்தனையோ முறை சோதித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் எங்கோ ஓர் ஓட்டை விழுந்து, திட்டு வாங்கி, திருத்தி, மறுபடி திருத்திய ஏற்பாடு. இன்றுதான் அது ஒழுங்காக வேலை செய்தது. வங்கி வேலையை வீட்டிலிருந்து பார்க்கும் பெண், பாடம் நடத்தும் ஆசிரியர், கீழ்வீட்டுத் தையல்காரர் என்று ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தார். அந்த வரிசையில் தம் வீடு எப்போதுமே இருந்ததில்லை. பல வருடப் பழக்கத்தில், அவர் மனத்தில் வீடு இன்னும் மூன்றாவது லைனிலேயே இருந்தது.

இந்த மகிழ்ச்சியை எவரிடமாவது சொல்லியாக வேண்டும். அடுத்த பேட்டையில் இதே தொழில் செய்யும் நண்பரைக் கூப்பிட்டார். ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் அவருக்கு சேட்டிலைட் என்று பெயர்.

“பெரிய லைன் போயிருச்சுய்யா.”

“ஐயையோ. அப்ப இன்னிக்கு உனக்கு அர்ச்சனைதான்.”

“அதான் இல்ல. ஒரு ஈ காக்கா கூப்பிடல. தானே மாறிருச்சு. ஒருத்தருக்கும் தெரியல.”

“அளக்காத.”

“என் கண்ணால பாத்துக்கிட்டிருக்கேன்ங்கிறேன். எல்லாம் ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் ஓடுது.”

“அப்ப எனக்கும் வந்து செஞ்சு குடு. நான் என்னத்த பண்ணாலும் அது அங்க செத்தா இங்கயும் சாகுது.”

“கோழி அடிச்சு விருந்து வச்சியானா வர்றேன்.”

பேச்சின் நடுவே கைபேசி இரண்டு முறை இடையிட்டது. வீட்டு அழைப்பு. அக்காளோடு பேசி முடித்துவிட்டாள், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அழுதிருப்பாள், சாவகாசமாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லலாம். சேட்டிலைட் எப்படி என்று கேட்டார். இவர் எப்படி என்று விளக்கினார். அதன்பின் திரும்பக் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. வேலையை முடித்து, ஏணியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மாடிப்படியில் ஏறும்போதே பால் தீய்ந்த வாசனை அடித்தது. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அடுப்பில் பாத்திரம் கறுத்துப் போயிருந்தது. அடுப்பு மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. முன்னறையில் விசிறி வழக்கம்போல் பெட்டிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பெட்டியில் முதல் விளக்கு சிவப்பு. மற்ற இரண்டும் பச்சை. அதன் கீழே இருந்த சின்னப் பெட்டி மின்செருகி பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் லைன்காரருக்குக் காலையில் தாம் எடுத்துவிட்ட குறி நினைவுக்கு வந்தது. அவளைத் தேடிப் படியிறங்கி ஓடினார்.

அவள் கீழே தையல்காரர் கடையில், வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் இருந்தாள். மடியில் கைபேசி. தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பாதி தைத்த சட்டைக் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

“லைன் போச்சா?” என்று அவள் கேட்டாள்.

“போச்சு. ஆனா ஒருத்தருக்கும்...” அவர் நிறுத்திக்கொண்டார்.

“ஒருத்தருக்கும் போகல. தெரியும். அண்ணனுக்கு ஓடுது. எதுத்த வீட்டுக்கு ஓடுது. எனக்கு மட்டுந்தான் போச்சு.”

“அக்கா?”

“நல்லாத்தான் வந்தா. படம் என்ன தெளிவுங்கிறீங்க. அவ நெத்தியில இருக்கிற தழும்பு கூடத் தெரிஞ்சுது. மொதல்ல சும்மா பேசினோம். என்ன சமையல், மழ விட்டுச்சா, அப்படித்தான். பெரிய பேச்சுக்கு ரெண்டு பேருக்குமே பயமா இருந்துச்சு. அப்புறமா, ‘இந்தாடி பட்டாணி’ன்னு வெரல நீட்டினா. வாயத் தொறந்தா. அப்படியே நின்னுருச்சு.”

லைன்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“வழக்கமா வர்றதுதானன்னு காத்திருந்தேன். கம்ப்ளெய்ண்ட் போன் அடிக்கும்னு பாத்தேன். அடிச்சா ஊருக்கே போச்சுன்னு தெரியும்ல. அடிக்கல. அப்ப கோளாறு எனக்குத்தான்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் சொல்றத எனக்கே சொல்லிக்கிட்டேன். அணைச்சுரு. நூறு எண்ணு. போடு. ரெண்டு தடவ எண்ணினேங்க. அவ அங்க வாயத் தொறந்துகிட்டு நிக்கிறா, நான் இங்க உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கேன்.”

“பெரிய பெட்டியத் தொட்டியா?”

“அதத் தொடுவேனா? நாப்பது வீடு போயிருமே.”

“உன் போன்ல...” என்று தொடங்கி, அதையும் அவரே விழுங்கிக்கொண்டார். அவள் கைபேசியில் உள்ளூர்ப் பேச்சுக்கு மேல் எதுவும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே மூன்று லைன் ஓடும்போது போனுக்குத் தனியாக எதற்கு என்று சொன்னவர் அவர்தான். அன்றைக்கு அது நல்ல நகைச்சுவையாக இருந்தது.

“உங்களக் கூப்பிட்டேன். நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க.”

எவரிடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தப்பு என் மேலயும் இருக்கு தம்பி,” என்றார் தையல்காரர். “தங்கச்சி கதவத் தட்டியிருக்கு. மிஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல. அதுல வேற கொஞ்ச நேரம் போயிருச்சு.”

“உங்க மேல என்னண்ணே இருக்கு?” என்றாள் அவள். பிறகு கணவரிடம், “இங்க அண்ணன் போன்லேருந்து கூப்பிட்டதும் அத்தான் எடுத்தாரு. இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்கம்மான்னாரு. லிப்ட் கதவு மூடுற வரைக்கும் போனையே பாத்துக்கிட்டிருந்தாளாம்.” “எனக்கு மட்டும் ஏங்க போச்சு?”

பொய் சொல்ல இடமிருந்தது. கம்பெனிக்காரன் மேல் போடலாம். மழை மேல் போடலாம்.

“நாந்தான். வேற எதுக்கும் தாவக் கூடாதுன்னு கட்டிவச்சேன்ல. எல்லாரும் மத்த ஓடத்துல ஏறிட்டாங்க. உன்ன மட்டும் ஏற விடல.”

தையல்காரர் சட்டைக் கையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், கணக்கு ஒன்று சரியாக வந்ததுபோல. அழவில்லை.

“பழைய ஒழுகுற ஓடமா இருந்திருந்தா?”

“அக்கரைக்குப் போயிருக்கும்,” என்றார். “கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா போயிருக்கும்.”

பொழுது சாய்வதற்குள் லைன்காரர் தெருமுனைக்குப் போனார். சண்டை போடத்தான் போனார். குழியில் முழங்கால் சேற்றில் நின்றபடி, கம்பெனி ஆட்கள் அறுந்த இழைகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஓட்டுகிறவர் ஓரமாக நின்றிருந்தார். இவரைக் கண்டதும் பதறிப்போய் அருகே வந்தார்.

“தெரியாமப் பட்டுருச்சுங்க. கீழ இருக்குன்னு எவனும் சொல்லல. உங்க ஆளுங்க யாருக்காச்சும் கஷ்டமாயிருச்சுங்களா?”

லைன்காரர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கஸ்டமர் யாருக்கும் இல்ல,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிந்திய நாட்களில் வீட்டில் பேச்சு குறைந்திருந்ததே தவிர, கோபம் இல்லை. அக்காள் பிழைத்துவிட்டாள் என்று அத்தான் சொன்னார். காயம் ஆறுகிறது, குழாய் வழியாக உணவு போகிறது என்றார். மனைவி சமைத்தாள், புகார் தொலைபேசியை எடுத்தாள். ஆனால் நூறு எண்ணுங்கள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. “கொஞ்சம் பொறுத்துப் போடுங்க” என்றாள். கறுத்த பால் பாத்திரத்தை லைன்காரர் சாம்பல் போட்டும் புளி போட்டும் தேய்த்துப் பார்த்தார், அடி வெளுக்கவேயில்லை. அதை எறியவும் அவருக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் காலை அவர் பெட்டியின் எதிரே உட்கார்ந்திருந்தபோது, அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“அந்தக் கட்டு இன்னும் இருக்கா?”

“எடுக்கலாம்னுதான்... உன்னக் கேட்டுட்டு எடுக்கலாம்னு இருந்தேன். பழையபடி மூணாவதுலயே போடட்டுமா?”

“வேணாம். முதலாவதும் வேணாம், மூணாவதும் வேணாம். எல்லாரோடயும் சேத்து விடுங்க. வந்தா எல்லாருக்கும் வரட்டும். போச்சுன்னா எல்லாருக்கும் போகட்டும். ஊரே ஓடிக்கிட்டிருக்கும்போது நான் மட்டும் தனியா உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கக் கூடாது.”

அவர் வீட்டுக்கென்று இருந்த விதியை அழித்தார். அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாயிருந்தது.

அன்று மத்தியானமே அக்காள் வீடியோவில் வந்தாள். தலையணைகளில் சாய்ந்திருந்தாள், கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு, முகம் மெலிந்து, கண்கள் மட்டும் பழைய குறும்போடு இருந்தன. கையில் குழந்தைகள் எழுதும் அழிபலகை. லைன்காரர் திரைக்கு அகப்படாமல் கதவோரம் நின்றார்.

“அக்கா,” என்றாள் தங்கை, “அன்னிக்கு வெரல நீட்டி என்னமோ சொல்ல வந்தியே. ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. என்ன சொல்ல வந்தே?”

அக்காள் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். பிறகு தோள்கள் குலுங்கின. பலகையில் எழுதித் திருப்பிக் காட்டினாள்.

‘பின்னாடி பால் பொங்குதுடி.’

தங்கை சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து எங்கே அழுகையானது என்று பக்கத்தில் நின்றவராலும் சொல்ல முடியவில்லை. “பொங்கித் தீஞ்சே போச்சுக்கா. பாத்திரமே போச்சு,” என்றாள்.

அதற்கு அக்காள் பலகையை எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் போலும். திரைக்கு நெருங்கி வந்து, பழக்கத்தில், வாயாலேயே பேசினாள். உதடுகள் குவிந்தன, விரிந்தன. தங்கையின் செல்லப் பெயர்தான் அது. எவருக்கும் படிக்கத் தெரியும். சத்தம் மட்டும் வரவில்லை.

சத்தமில்லாமல் வாய் அசைவதைக் கண்டதும், இத்தனை வருடத் தொழில் லைன்காரரின் கழுத்தைத் தானாகத் திருப்பியது. பதறிப்போய்ப் பெட்டியைப் பார்த்தார்.

விசிறி சுழன்றுகொண்டிருந்தது. மூன்று விளக்குகளும் பச்சையாகவே எரிந்தன.